மவாஸுக்குப் படைத்த சோறு

அவர் சொன்ன எதையும் எங்கள் தோட்டத்தில் யாரும் நம்பியதில்லை. மழை வருகிறது என்று அவர் சொன்னால், கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஓடுவோம். அப்படி ஒரு ஆள். பேர் வேண்டாம். பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதே கிடையாது. அவர் காதுபடவே ‘அண்டப்புளுகன்’ என்பார்கள். அவரும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். நான் மட்டும் மாமா என்பேன். சொந்தமெல்லாம் இல்லை, அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

கொஞ்ச காலம் கோத்தா கோலா மூடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தாராம். அங்கே ஒரு திருக்கை மீன் வலையில் மாட்டி, படகையே இழுத்துக்கொண்டு பினாங்கு வரைக்கும் போய்விட்டதாம்.

“அப்புறம் எப்படி மாமா திரும்பி வந்தீங்க?” என்று கேட்டேன்.

“எப்படி வர்றது? அதே மீனத் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்தேன்” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு, ஒரு அசைவு இருக்க வேண்டுமே!

அவர் பொய்யால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ரப்பர் பால் வெட்டி முடித்து, நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கும்போது அவர் பக்கத்தில் நடக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தோள் வலி தெரியாது. அவர் வீட்டுக்காரிக்கு மட்டும் இது ஆகாது. அத்தை நேர்ப்பேச்சுக்காரி. “சாப்பிட்டாச்சான்னு கேட்டாக்கூட, தொரை பங்களாவுல விருந்துன்னு சொல்ற மனுஷனோட எப்படிடி குடும்பம் நடத்துறது?” என்று என்னிடம் புலம்புவாள். ஒரே பெண் பிள்ளை அவர்களுக்கு. அதுவும் அப்பாவைப் போலவே கண்ணை உருட்டிக் கதை சொல்ல ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தும் அத்தைக்கு எரிச்சல்.

ஜப்பான்காரன் வந்தான். செர்டாங்குக்குக் கிழக்கே, ரப்பர் முடிந்து மலைக்காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, இரவுக்கும் அதே கிழங்கு. அரிசியைப் பார்த்தே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கோணியைத் தைத்து உடுத்தினோம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சயாமில் ரயில் ரோட்டுப் போட ஆள் வேண்டும் என்று லாரி வரத் தொடங்கியதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த லாரியில் ஏறியவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அடுத்த லாரி வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே என் அண்ணனும் அவன் சேக்காளிகள் நாலைந்து பேரும் மலைக்கு ஓடிவிட்டார்கள்.

மலையில் என்ன கிடைக்கும்? பசி தாங்காமல் இறங்கி வந்து, அடிவாரத்துக் கிழங்குப் பாத்தியைத் தோண்டியிருக்கிறார்கள். ஈர மண்ணில் கால் தடம் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் எங்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள். அப்போது அங்கே இருந்த ஜப்பானிய அதிகாரி குள்ளமான ஆள். வண்ணத்துப்பூச்சி பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் ஊசி குத்தி வைப்பான். குனிந்து வணக்கம் சொல்ல மறந்தவனை அறைவான், அதே கையால் பூச்சியின் இறக்கை உதிராமல் எடுப்பான். என்ன ஜன்மமோ! மலையில் ஆள் ஒளிந்திருக்கிறது, சிப்பாய்களை விட்டுச் சலித்துவிட வேண்டும் என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி அவனிடம் ஓதிக்கொண்டிருந்தார்.

“யாருடைய கால்?” என்று உடைந்த மலாயில் கேட்டான் அதிகாரி.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதில் ஒரு கால் என் அண்ணனுடையது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாமா வரிசையை விட்டு முன்னால் வந்தார். தேவைக்கு மேலேயே குனிந்தார்.

“தொவான், இது மனுஷக் கால் இல்ல. மவாஸ்.”

மவாஸ் என்பது மலாய்க்காரர்கள் சொல்லும் கதை. உயர்ந்த மலைகளில், மனிதனைப் போல நிமிர்ந்து நடக்கும், உடம்பெல்லாம் மயிர் மூடிய பெரிய குரங்கு ஒன்று இருக்கிறதாம். கேள்விப்பட்டவர்கள் உண்டு, கண்டவர்கள் இல்லை. எனக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அடப்பாவி மனுஷா, இந்த நேரத்திலுமா?

அதிகாரி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றான். “நீ பார்த்தாயா?”

“பாத்தேன் தொவான். இந்தா, இவ்வளவு கிட்டத்துல. உங்களப் போல ஒன்றரை ஆள் ஒசரம்.”

அந்தக் குள்ளனைப் போல ஒன்றரை என்றால் அப்படியொன்றும் மலை உயரம் இல்லை. மற்ற நாளாயிருந்தால் தென்னை மர உயரம் என்றிருப்பார். அவர் அளவு வைத்துப் புளுகியதை அன்றுதான் பார்த்தேன். பையன்களைக் காப்பாற்றத்தான் சொன்னாரா, இல்லை, நாலு பேர் வாயடைத்து நின்றால் நடுவில் ஒரு பொய்யை விடாமல் இருக்க முடியாத வியாதியா? எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடமே பிறகு கேட்டதற்கு, “ரெண்டும்தான்னு வச்சிக்கயேன் புள்ளே” என்றார்.

ஜப்பான்காரன் நம்பிவிட்டான். கண் இரண்டும் விரிந்து சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். மலைப் பக்கம் யாரும் போகக் கூடாது, விறகு வெட்டக் கூடாது, துப்பாக்கி வெடிக்கக் கூடாது, மிருகம் மிரண்டுவிடும் என்று உத்தரவு போட்டான். அதை உயிரோடு பிடித்துத் தன் ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமாம். கிராணியின் முகத்தை அன்று பார்க்க வேண்டுமே!

அதன் பிறகு மவாஸ் வேட்டை தொடங்கியது. அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் பின்னால், வழிகாட்டி என்று அவர் முன்னால். மவாஸுக்குப் பாட்டு பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். அதனால் அடிவாரத்திலிருந்தே தொண்டை கிழியப் பாடிக்கொண்டு ஏறுவார். தாலாட்டா ஒப்பாரியா என்று தெரியாத அந்தக் குரல் லயம் வரைக்கும் கேட்கும். முறிந்த கிளையைக் காட்டி இங்கேதான் படுத்தது என்பார். தூரத்தில் சியாமாங் குரங்கு கத்தினால் அதுதான் அதனுடைய சம்சாரம் என்பார். ஒரு நாள் கபோங் பனையிலிருந்து கறுப்பு நாரை உருவி, மவாஸின் முடி என்று கொடுத்திருக்கிறார். அதையும் அந்த ஆள் வண்ணத்துப்பூச்சிகளுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

தோட்டத்தில் அவரை வைத்து முதலில் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எம் புள்ள இருக்கிற மலைக்குத் துப்பாக்கிக்காரனக் கூட்டிக்கிட்டுப் போறியே, நீ நல்லா இருப்பியா?” என்று நடு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நானும் சேர்ந்து கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தோட்டத்துக்கே தெரியும்.

பிறகு வந்தது படையல். மவாஸ் வாழைப்பழத்துக்கு மயங்குகிற சாதாரணக் குரங்கு இல்லை, காட்டுக்குக் காவல்காரன் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் முனியாண்டிக்குப் படைக்கிற மாதிரி, மலையில் இலை போட்டுப் படைத்தால்தான் வருமாம். சுடுசோறு, பொரித்த கருவாடு, மிளகாய், ஒரு சுருட்டு. சமைக்கிறவர்கள் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, எச்சில் பட்டால் திரும்பிக்கூடப் பார்க்காதாம். அதையும் நம்பினான் அந்த ஆள். பங்களா ஸ்டோரிலிருந்து வெள்ளை அரிசி வந்தது. அத்தைதான் சமைக்க வேண்டும். ருசி பார்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள பங்களா அடுப்படி வாசலில் ஒரு சிப்பாய்.

மறுநாள் போய்ப் பார்த்தால் இலை காலி. சுருட்டின் சாம்பல்கூட இருந்ததாம். அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தடவை இரண்டு மடங்கு அரிசி அளந்து கொடுத்தான். கிட்டே போய் மறைந்திருந்து பார்க்கலாமா என்று கேட்டானாம். இன்னும் பழகவில்லை, அவசரப்பட்டால் ஓடிவிடும் என்று இவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு எப்போது விளங்கியது என்றால், ஒரு நாள் குழாயடியில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். முகம் கழுவுகிற மாதிரி பக்கத்தில் வந்து குனிந்தார்.

“புள்ளே, உங்க அண்ணனுக்குப் பச்ச மொளகாயா, காஞ்ச மொளகாயா?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“நான் எங்க கேக்குறேன்? மவாஸ் பச்ச மொளகாய அப்படியே வச்சிட்டுப் போயிருக்கு.”

குடம் நிறைந்து வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அண்ணன் சின்ன வயதிலிருந்தே பச்சை மிளகாயைத் தொட மாட்டான். “காஞ்சது மாமா. நெருப்புல சுட்டது” என்றேன்.

“அழுவாத. திட்டு. நேத்து வரைக்கும் திட்டுன மாதிரியே திட்டு. நிறுத்திட்டீன்னா அந்தக் கிராணிக்கு மூக்குல வேர்த்துடும். உங்க ஆத்தாகிட்டயும் சொல்லாத, பெத்த மனசு, மொகத்துல காட்டிடும்.”

அன்றிலிருந்து அவரைக் கண்ட இடத்திலெல்லாம் திட்டினேன். ‘ஜப்பான்காரனுக்குக் குரங்காட்டி’ என்று பேர் வைத்ததே நான்தான். தோட்டம் முழுக்க அந்தப் பேர் பரவியது. நான் சும்மா திட்டினேன், மற்றவர்கள் நிஜமாகவே திட்டினார்கள். காலில் நீர் கோத்து, பாதி வயிறு கிழங்கோடு படுத்துக் கிடக்கிற லயத்தில் சோறு வேகிற வாசம் வந்தால் எப்படி இருக்கும்? அந்தச் சோறு ஒரு குரங்குக்குப் போகிறது என்றால் மனிதனுக்கு ஆத்திரம் வருமா வராதா? அவர் நடந்து போனால் எதிரே காறித் துப்பினார்கள். ஒருவன் சாணியை வாரி அடித்தான். அவர் துடைத்துக்கொண்டு, “மவாஸ்கூட இப்படித்தான் எறியும், ஆனா குறி தப்பாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு தடவைதான் அவர் கதை இல்லாமல் நின்றதைப் பார்த்தேன். படையல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பங்களாப் படியில் இறங்குகிறார். கீழே அவர் மகள் நிற்கிறது. எலும்பும் தோலுமாகக் கிடந்தது அந்தப் பிள்ளை. அவர் கைலியைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, ஒரு வாய்ப்பா, ஒரே வாய்” என்றது. பின்னால் சிப்பாய். எச்சில் பட்டால் ஆகாது என்று அவரே சொல்லி வைத்த பொய் அது. எதையாவது சொல்லிப் பிள்ளையைச் சிரிக்க வைப்பார் என்று பார்த்தேன். “சாமிக்கும்மா” என்று மட்டும் சொன்னார். கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். அன்று அடிவாரத்திலிருந்து பாட்டு கேட்கவில்லை. அடிவாரம் தாண்டித்தான் கேட்டது.

அத்தை கொஞ்ச நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புக்கிட் செலம்பாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற அன்று என்னிடம், “பெத்த புள்ளைக்கு இல்லாத சோறு கொரங்குக்கா? இனிமே அந்த ஆளு மொகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை வெளியே போனால் மலையில் இருக்கிறவர்கள் தலை போகும். முழுங்கிக்கொண்டேன். பிறகு படையலுக்கு அவரே சமைத்தார்.

தனியாக ஆன பிறகு குழாயடியில் ஒரு நாள் சொன்னார்: “பாவம் புள்ளே, அந்த ஜப்பான்காரன். நேத்து ஒரு மரத்தடியில உக்காந்து, மவாஸ் தன்னைப் பாத்தா பயப்படுமான்னு எங்கிட்ட கேக்குறான். எம் பேச்ச நம்புன மொத ஆளு அவன்தான். அவனப் போயி ஏமாத்துறேன் பாரு.” எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளைப் பிடித்துச் சயாமுக்கு அனுப்புகிறவனுக்குப் போய் என்ன பாவம் என்றேன். “அதுஞ் சரிதான்” என்றார். ஆனால் முகம் தெளியவில்லை.

வண்ணத்துப்பூச்சிக்காரனைப் பர்மாப் பக்கம் மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவனுக்குப் பூச்சியும் தெரியாது, குரங்கும் தெரியாது. இவ்வளவு அரிசி எங்கே போனது என்று கேட்டான். கிராணி காத்திருந்தவர் ஆயிற்றே, ஒன்றுக்கு ஒன்பதாக வைத்துக் கொடுத்தார். மாமாவைப் பெரட்டுக் களத்தில் முட்டி போட வைத்து அடித்தார்கள். யார் தின்றார்கள் என்று கேட்டு அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மவாஸ், மவாஸ் என்றே சொன்னார். வாயில் ரத்தம் வந்த பிறகும் அதே. கடைசியில் இது பைத்தியம், புளுகுகிற பைத்தியம் என்று முடிவுகட்டி, நின்றுகொண்டிருந்த சயாம் லாரியில் தூக்கிப் போட்டார்கள்.

லாரியைச் சுற்றிக் கூட்டம். கிராணி பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு ஓடிப்போய் மாமா காலைத் தொட வேண்டும் போல இருந்தது. முடியுமா? “போய்யா, கொரங்காட்டி! சயாமுல போயி ஆட்டு!” என்று கத்தினேன். கத்தும்போதே கண்ணீர் கொட்டியது. நல்லவேளை, ஆத்திரத்தில் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவர் வீங்கிப்போன கண்ணோடு என்னைத் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“சயாமுல பெரிய பெரிய யானையெல்லாம் இருக்காம் புள்ளே. வந்து சொல்றேன்!” என்றார்.

வரவில்லை. ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு சயாமிலிருந்து திரும்பி வந்த ஒருவர், வயிற்றுப்போக்கில் போய்விட்டார் என்று சொன்னார். கடைசி வரைக்கும் பக்கத்தில் கிடந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தாராம்.

அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தபோது முடியும் தாடியும் வளர்ந்து அசல் மவாஸாகத்தான் இருந்தான். அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. சாப்பிட்டுத் தேறிய பிறகு மலைக் கதை எல்லாம் சொன்னான். பாட்டுச் சத்தம் கேட்டதும் மேட்டுக்கு ஏறிவிடுவார்களாம். படைக்க வந்தவர்கள் போனதும் இறங்கி வந்து, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துத் தின்பார்களாம். “ஒன்னுதான். மொதல்ல வந்த சோத்துல உப்பே இருக்காது. கருவாட்டுலகூட உப்ப எடுத்துட்டுத்தான் பொரிச்சிருப்பாங்க. வைக்கோலத் தின்ன மாதிரி இருக்கும்” என்று சிரித்தான். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் அண்ணனையும் இழுத்துக்கொண்டு புக்கிட் செலம்பாவுக்குப் போனேன். அத்தை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, பிழைத்துக் கிடந்தாள்.

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குரங்கும் இல்லை, மவாஸும் இல்லை, அந்தச் சோற்றைத் தின்று உயிர் பிழைத்தவன் இதோ உட்கார்ந்திருக்கிறான் என்று அண்ணனைக் காட்டினேன். திகைப்பாள், அழுவாள், இல்லை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

“தெரியும்டி” என்றாள்.

“தெரியுமா? எப்படித் தெரியும்?”

“அவரே சொன்னாரு. நான் கெளம்புறதுக்கு மொத நாளு. கொரங்கு இல்ல, நம்ம பசங்கதான், யாருகிட்டயும் சொல்லிடாத, இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கன்னு கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாரு.” கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். “நேத்து மவாஸு, இன்னைக்கு மனுஷனா, நாளைக்கு அந்த மலையே எழுந்து நடந்து வருமான்னு கேட்டேன். அதுக்கு மேல ஒன்னும் பேசல மனுஷன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நெசத்தச் சொன்னாரு. நான் நம்பலியே.”

அத்தை எழுந்து உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. அண்ணன் முன்னால் தட்டை வைத்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி, ஒன்னு கேக்கணும்.”

“கேளுங்க அத்தை.”

“கொரங்குக்கு எதுக்கு உப்புன்னு நான் சோத்துல உப்பே போட மாட்டேன். குடுக்கிற உப்ப மடியில முடிஞ்சுக்குவேன். கருவாட்ட ஊறவச்ச தண்ணியயும் புள்ளையோட கெழங்குக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவேன்.” அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. “அவரு கடைசியா எங் கையால வாங்கிட்டுப் போனது அதானே. உப்பில்லாமத்தான் தின்னீங்களா?”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பொய் பேச வராது. சின்ன வயதில் மாங்காய் திருடினால்கூட அவனே வந்து சொல்லிவிடுவான்.

“இல்லியே அத்தை, கருவாட்டுல உப்பு தூக்கலாவே இருந்துச்சே” என்றான். “அந்த ருசிக்காகவே பயலுக எல்லாம் எப்படா எலை போடுவாங்கன்னு மரத்து மேல ஏறி உக்காந்து கெடப்போம். ஒரு நாளு எலைக்கு அடிச்சுக்கிட்டு ஒருத்தன் மரத்துலேருந்தே விழுந்துட்டான், கீழ பாத்தா ஒரு பன்னி நின்னுச்சு, அது மேலயே ஏறி உக்காந்து நேரா எலைக்குப் போயிட்டான்.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அவரு மாதிரியே பேசுறீங்க தம்பி” என்றாள். “சாப்பிடுங்க.”